இருநூற்றுப் பன்னிரண்டு மாடி

உடம்பைக் குறைக்கத் தொடங்குவதற்கு உகந்த நாள் திங்கட்கிழமைதான் என்பதில் லிஃப்டக்காவுக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை. எந்தத் திங்கட்கிழமை என்பதில்தான் பதினோரு வருடமாக இழுபறி.

ஏற்பாடுகளில் அவள் குறை வைத்தவள் அல்ல. நடப்பதற்கென்று வாங்கிய காலணிகள் கட்டிலுக்கடியில் பெட்டியும் காகிதமுமாகக் கடை வாசம் மாறாமல் இருந்தன. எடை பார்க்கும் கருவி ஒன்றும் உண்டு. காற்றில் அடித்துக்கொள்ளும் சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க அதைவிடத் தோதான பொருள் வீட்டில் இல்லை. சர்க்கரை ஏறுகிறது, முட்டி தேய்கிறது, நடங்கம்மா என்று மருத்துவர் மூன்று வருடமாகச் சொல்லிவந்தார். அவர் மனம் நோகாதபடி தலையாட்டிவிட்டு, வாசலில் நிற்கும் வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அவள் வேலை அப்படி. எட்டு மாடிக் காப்பீட்டு அலுவலகம் அது. கட்டடம் பழசு, லிஃப்ட் அதைவிடப் பழசு. இழுத்து மூடும் இரும்புக் கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி, ஒரு சாவித்துளை. முன்பொரு முறை மேலாளர் ஒருவர், "இதென்ன பெரிய வித்தை?" என்று தானே கைப்பிடியைத் திருப்பி, நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் திரிசங்குவாகத் தொங்கினார். அன்றிலிருந்து சாவி லிஃப்டக்காவின் கழுத்தில் மட்டும்தான் என்பது எழுதிக் கையெழுத்துப் போட்ட விதி. முக்காலியில் உட்கார்ந்தபடி பத்தொன்பது வருடம் உலகத்தை மேலே ஏற்றிக் கீழே இறக்கியவள், பக்கத்திலேயே இருந்த மாடிப்படியை ஒருநாளும் மிதித்தது கிடையாது.

அந்த வருடத்தை நிர்வாக இயக்குநர் 'நலவாழ்வு ஆண்டு' என்று அறிவித்தார். அலுவலகத்தில் அவருக்குப் பேருரை என்று பெயர். ஒரு குவளைத் தண்ணீர் வேண்டுமென்றாலும் முன்னுரை, மூன்று கருத்து, முடிவுரை என்று பிரித்துத்தான் கேட்பார். உட்கார்ந்தே இருப்பதன் கேடுகளைப் பற்றி அன்று அவர் ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். முந்நூறு பேரும் உட்கார்ந்தே கேட்டார்கள்.

பேச்சின் முடிவில் நிரந்தர ஊழியர் எல்லாருக்கும் ஆளுக்கொரு கைப்பட்டை கொடுக்கப்பட்டது. எத்தனை அடி நடக்கிறோம், எத்தனை மாடி ஏறுகிறோம் என்று அது எண்ணும். தினமும் காலையில் தரைத்தளத்துத் திரையில் தரவரிசை வரும். மாடிப்படியைத் தினம் மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டு வரும் பெண்ணுக்கு மட்டும் பட்டை இல்லை. அவள் ஒப்பந்தத் தொழிலாளி, அவளுடைய நலவாழ்வு ஒப்பந்தக்காரரைச் சேர்ந்தது. யாராவது ஏறி வந்தால் "ஈரம்! ஈரம்!" என்று அவள் போடும் சத்தத்தால் அவளுக்கு ஈரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பட்டை மணிக்கட்டு எவ்வளவு உயரம் போயிற்று என்பதை வைத்து மாடியை எண்ணியது. காலால் போயிற்றா, கம்பிவடத்தால் போயிற்றா என்று விசாரிக்கும் பழக்கம் அதற்கில்லை. போதாததற்கு, முக்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டே இருப்பது லிஃப்டக்காவின் சின்ன வயதுப் பழக்கம். "காலாட்டினா குடும்பத்துக்கு ஆகாது" என்று அவள் அம்மா தொடையில் கிள்ளியும் போகாதது. அந்த ஆட்டத்தை எல்லாம் பட்டை நடையென்று எடுத்துக்கொண்டது.

முதல் நாள் முடிவு: லிஃப்டக்கா, பதினோராயிரம் அடி, இருநூற்றுப் பன்னிரண்டு மாடி. முதலிடம். இரண்டாவது வந்தவர் பதினான்கு மாடி.

வேறொரு இடமாக இருந்தால் யாராவது ஒருவர் சிரித்திருப்பார். இங்கே பிரிவு எழுத்தர் அதைத் தாளில் எடுத்து எழுதிக் கையெழுத்திட்டார். எழுத்தர் எழுதியிருக்கிறாரே என்று நலன் அலுவலர் கையெழுத்திட்டார். நலன் அலுவலர் கையெழுத்து இருக்கிறதே என்று பேருரை கையெழுத்திட்டார். மூன்று கையெழுத்து விழுந்தபின் ஒரு விஷயம் பொய்யாக இருப்பது அந்த அலுவலக நடைமுறையிலேயே கிடையாது. ஒரு மாதக் கணக்கு தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. எல்லாக் கிளைகளிலும் முதலிடம் இவள்தான். கேடயம் கொடுக்க அங்கிருந்து, எல்லாக் கிளைகளுக்கும் தலைவியான மேடமே நேரில் வருகிறார் என்று பதில் வந்தது.

அந்தப் பதில் வந்த நாளில் லிஃப்டக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாம் நாள் கணக்குப் பிரிவுக்காரர் லிஃப்டில் ஏறும்போதே கும்பிட்டார். "வீராங்கனையே, மூணாவது மாடி. களைச்சிருந்தா சொல்லுங்க, நான் தூக்கிட்டுப் போறேன்." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அதே சிரிப்பு கொஞ்சம் கசந்தது. நாலாம் நாள், இதை இப்படியே விடக்கூடாது என்று பேருரையின் அறைக்குப் போனாள். நலன் அலுவலரும் அங்கே இருந்தார். ஈர்க்குச்சி போலிருக்கும் அவர், பேருரையின் வாக்கியங்களுக்கு வால் கட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்.

"சார், அந்த மிஷினு தப்பா எண்ணிருக்கு. நான் ஏறல. லிஃப்ட்டுதான் ஏறிச்சு."

"தெரியும்மா," என்றார் பேருரை.

"தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். தெரியுங்கிறதுக்காக அதைச் சொல்லணுமா? தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போயிடுச்சு. இனிமே உண்மைன்னா அறிக்கையில இருக்கிறதுதான்."

"கையெழுத்தும் இருக்கு," என்று வால் கட்டினார் நலன் அலுவலர்.

"விழா எட்டாவது மாடி மண்டபத்துல. நீ கீழேருந்து படியேறி வர்ற மாதிரி எல்லாருக்கும் காட்டணும். பயப்படாத. ஏழாவது மாடி வரைக்கும் லிஃப்ட்ல வந்துடு. கேமரா அங்கதான் நிக்கும். அங்கேருந்து ஒரே ஒரு மாடி."

"நெத்தியில கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கலாம் சார். வேர்வை மாதிரி," என்றார் நலன் அலுவலர்.

பேருரை அவளை மேலிருந்து கீழாகவும், அது போதாதென்று பக்கவாட்டிலும் பார்த்தார். குரலில் கருணை வழிந்தது. "ஒரு மாடி முடியுமாம்மா? கஷ்டம்னா வேணாம். அரை மாடி போதும். திருப்பத்துல நின்னுக்கோ, கேமரா ஆரம்பிச்சதும் நாலு படி ஏறு. மீதியை நாங்க பார்த்துக்கிறோம்."

மருத்துவர் மிரட்டியபோது வராதது, நாத்தனார் "அண்ணி, நாற்காலியில மெதுவா உட்காந்து பழகுங்க, பாவம் அது" என்றபோது வராதது, கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றியபோது வராதது அப்போது வந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை விறுவிறுவென்று ஓடியது. அரை மாடியா?

அன்று மாலை வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பேருந்து ஓட்டுநர். உட்கார்ந்தே நாளுக்கு இருநூறு கிலோமீட்டர் போகிறவர்.

"விழாவுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்குங்க. நான் நிஜமாவே எட்டு மாடி ஏறப் போறேன்."

"திங்கட்கிழமைலேருந்தா?"

"நாளைக்கு. நாளைக்கு வியாழக்கிழமை."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கிழமை மாறியதில்தான் விஷயத்தின் தீவிரம் அவருக்குப் புரிந்தது. "எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? அவனே தண்ணி தெளிச்சு விடுறேங்கிறான். கேடயத்தை வாங்கிட்டு வா, டிவி மேல வெச்சுக்கலாம்."

"நான் குண்டா இருக்கலாம். அது என் உடம்பு, என் பாடு. ஆனா, நான் ஏறாததை ஏறினேன்னு சொல்றதுக்கு என் உடம்பை அவன் வாடகைக்கு எடுக்க முடியாது."

"முட்டி?"

"முட்டியும் என்னுதுதான்."

மறுநாள் எல்லாரும் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய், மாடிப்படியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். மாடிக்கு இருபத்திரண்டு படி. பத்து படியில் மூச்சு வாங்கிற்று. பதினைந்தில் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டாவது படியில் நெஞ்சு பறைகொட்ட, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஈரம்! ஈரம்!" என்று மேலிருந்து குரல் வந்தது. பிறகு துடைப்பமும், அதற்குப் பின்னால் ஆளும் வந்தார்கள். "அடடே, லிஃப்டக்கா! வழி தவறி வந்துட்டீங்களா?"

"எட்டு மாடி ஏறப் போறேன்டி."

"நீங்கதான் தினம் இருநூறு ஏறுறீங்களே, டிவியில போட்டாங்க. இந்த எட்டு எதுக்கு, பாக்கியா?" என்றாள் ஈரம். சிரித்து முடித்துவிட்டு, "எழுந்திரிங்க. நீங்க உட்கார்ந்த இடத்தைத் துடைக்கணும்," என்றாள்.

வீம்பு என்பது நல்ல எண்ணெய்தான். ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். மூன்று நாளில் லிஃப்டக்காவுக்கும் தீர்ந்தது. நாலாம் நாள் தொடை இரண்டும் இரும்பாகக் கனக்க, இன்று ஒருநாள் விட்டால் என்ன, அடுத்த திங்கட்கிழமை புதிதாகத் தொடங்கலாமே என்று நினைத்தபடி தாமதமாக வந்து சேர்ந்தாள். தரைத்தளத்துச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி. அவள் படம். கன்னத்தின் சதையைக் கணினியில் யாரோ செதுக்கி எடுத்திருந்தார்கள். இடுப்பிருந்த இடத்தில் இடுப்பே இல்லை. கீழே, 'எனக்கு நானே லிஃப்ட்!' என்று கொட்டை எழுத்து.

"பிடிச்சிருக்காக்கா?" என்று குழைந்தார் நலன் அலுவலர். "கொஞ்சமா மெருகேத்தினோம்."

"யாரு இது?"

"நீங்கதான்."

"இந்தப் பொம்பளையை வெச்சே விழாவை முடிச்சுக்கோங்க. நான் எதுக்கு?" என்றாள். லிஃப்டைக் கிளப்ப வேண்டிய நேரத்தில், எட்டுப் பேர் லிஃப்ட் வாசலில் காத்திருக்க, விறுவிறுவென்று படிக்குப் போனாள். அன்று ஒன்றரை மாடி.

அதற்குப் பிறகு அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டாவது வாரம் இரண்டு மாடி. மூன்றாவது வாரம் முட்டி வீங்கி நாலு நாள் படுத்தாள். மருத்துவரிடம் போனால், "படிக்கட்டா? நான் நடக்கத்தானே சொன்னேன்!" என்று அவர் பதறினார். பிறகு மெதுவாக ஏறவும், திருப்பத்துக்குத் திருப்பம் நிற்கவும், இறங்கும்போது கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொள்ளவும் சொன்னார். டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். ஒரு வாரம் டீயையே வெறுத்தாள். மாலையில் முக்காலிக்கடியில் ஒளித்துவைத்துத் தின்னும் வறுவல் பொட்டலத்தை ஒரேயடியாக விட முடியவில்லை. பாதியாக்கி, மீதியைக் கணக்குப் பிரிவுக்காரரிடம் நீட்டினாள். அவர் ஒரு மாதத்தில் இரண்டு கிலோ கூடினார். எடைக்கருவியைக் கதவிலிருந்து எடுக்கவே இல்லை. "அது என்ன சொன்னாலும் கதவு அடிச்சுக்கும்," என்றாள் வீட்டுக்காரரிடம். ஐந்தாவது வாரக் கடைசியில், ஐந்தாவது மாடியில் நின்று சன்னல் வழியாகத் தெருவை முதல்முறையாக நின்றபடி பார்த்தாள். அதற்குமேல் கால் வரவில்லை. விழா மறுநாள்.

விழா நாளன்று எட்டாவது மாடி மண்டபத்தில் முந்நூறு பேரும் ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரையும் ஏற்றிவிட்டது லிஃப்டக்காதான். கடைசி நடையில் கேமராக்காரரும் நலன் அலுவலரும் ஏழாவது மாடியில் இறங்கினார்கள். நலன் அலுவலரின் கையில் பூச்செடிக்குத் தண்ணீர் அடிக்கும் குப்பி இருந்தது.

லிஃப்டக்கா தனியாகத் தரைத்தளத்துக்கு வந்தாள். கம்பிக்கதவை இழுத்து மூடினாள். பூட்டினாள். சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு படியை நோக்கி நடந்தாள்.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. பேருரை மேடத்தை வரவேற்றுப் பூங்கொத்து கொடுத்து, "இப்படி, லிஃப்ட்ல..." என்று கையை நீட்டினார். நீட்டிய கைக்கு எதிரே பூட்டிய கம்பிக்கதவு நின்றது.

"என்னம்மா இது?"

"படியேறப் போறேன் சார். அறிக்கையில அப்படித்தானே இருக்கு?"

"நீ ஏழாவது மாடி..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"கீழேருந்து வர்ற மாதிரி காட்டணும்னீங்க. கீழேருந்தே வந்துட்டா காட்ட வேண்டாம்ல?"

மேடம் ஒல்லியாக, உயரமான குதிகால் செருப்போடு இருந்தார். கைதட்டினார். "அற்புதம்! நலவாழ்வு ஆண்டுல லிஃப்ட்டையே பூட்டிட்டீங்களா? இதுதான் முன்னுதாரணம். வாங்க சார், நாமும் ஏறுவோம்."

பேருரை வாயைத் திறந்தார். அந்த அலுவலகத்தின் வரலாற்றில் முதன்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

படி அகலம் குறைவு. லிஃப்டக்கா குறையாத அகலம். முந்திச் செல்ல வழியில்லாமல் இருவரும் அவள் பின்னாலேயே வந்தார்கள். அவள் பாட்டுக்கு ஏறினாள், திருப்பத்தில் நின்றாள், இருபது மூச்சு எண்ணினாள், மறுபடி ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் பேருரை, கட்டடத்தின் அடித்தளம் பற்றி மேடத்துக்கு நீளமாக எடுத்துரைத்தார். இரண்டாவதில், சுவரின் சுண்ணாம்பு பற்றி நடுத்தரமாகப் பேசினார். மூன்றாவதில், "சன்னல்... காற்றோட்டம்..." என்றார். நாலாவதில் சுட்டிக்காட்ட மட்டும்தான் முடிந்தது. எதைக் காட்டினார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாவது மாடிக்கு வந்ததும் பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர்க் குப்பிக்கு அங்கே வேலையே இல்லை.

மேடமும் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. "தினம் இருநூத்திப் பன்னெண்டு மாடி!" என்றார், பாதி வலியும் பாதி வியப்புமாக. "எப்படிம்மா?"

பேருரையின் கண்கள் கெஞ்சின. லிஃப்டக்கா வழக்கம்போல் இருபது மூச்சு எண்ணி முடித்தாள்.

"அது லிஃப்ட்டு ஏறினது மேடம். நான் முக்காலியில உட்கார்ந்து காலாட்டிட்டு இருந்தேன். இந்தப் பட்டை அதை எண்ணிடுச்சு. எண்ணினதை மூணு பேரு கையெழுத்துப் போட்டு உங்களுக்கு அனுப்பிட்டாங்க. காலால நான் ஏறினது அஞ்சு. அதுவும் நேத்துதான்."

மேடம் பேருரையைப் பார்த்தார். பேருரை பூங்கொத்தைப் பார்த்தார்.

"அப்ப கேடயத்தை நான் ரத்து பண்ண வேண்டியிருக்கும்," என்றார் மேடம், குரலை அதிகாரத்துக்கு ஏற்றிக்கொண்டு.

"பண்ணுங்க மேடம். நல்லாப் பண்ணுங்க. நான் ஏறுறதை மட்டும் யாராலயும் ரத்து பண்ண முடியாது."

கைப்பட்டையைக் கழற்றிப் பேருரையின் மடியில் வைத்தாள். பிறகு திரும்பினாள்.

"இரும்மா, இரும்மா," என்று பேருரை தேய்ந்த குரலில் அழைத்தார். "லிஃப்ட்டைக் கொண்டு வா. என்னால முடியல."

"லிஃப்ட்டு கீழே இருக்கு சார். மேலே போயிட்டு இறங்கி வந்துதான் எடுக்கணும்."

"அது வரைக்கும்?"

"அரை மாடியா முயற்சி பண்ணிப் பாருங்க."

ஆறாவது மாடி அவளுக்குப் புதுசு. புதுசென்பதால் எளிதாகிவிடவில்லை. ஐந்து படிக்கொரு முறை நின்றாள். இடது முட்டி கடகடவென்றது. ஈரம் துடைத்துவிட்டுப் போன படிகளில் ஈரம் காயாமல் இருந்தது. கைப்பிடிச்சுவரில் சாய்ந்து சாய்ந்து ஏறினாள். ஏழாவது மாடியில் கேமரா கண் விழித்தது. நலன் அலுவலர் குப்பியோடு பாய்ந்து வந்தவர், அவள் முகத்தில் ஒழுகுவதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"சார் எங்க, அக்கா?"

"கீழே. அவருக்கு அடிங்க தண்ணியை."

கடைசி இருபத்திரண்டு படியில் யாரையும் திட்டத் தோன்றவில்லை. திட்டுவதற்கு மூச்சு மிச்சமில்லை. கால், பிறகு அடுத்த கால் என்பதைத் தவிர மனத்தில் ஒன்றும் இல்லை. எந்தப் பட்டையும் எண்ணாத அந்த மூன்று மாடியையும் அவளே எண்ணிக்கொண்டாள்: அறுபத்துநாலு, அறுபத்தைந்து, அறுபத்தாறு.

மண்டபத்தின் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். ஒலிபெருக்கிக்காரர் ஆளைக் கண்டதும், தயாராக வைத்திருந்த தாளைப் படிக்கத் தொடங்கிவிட்டார்: "தினமும் இருநூற்றுப் பன்னிரண்டு மாடி ஏறும்..." முந்நூறு பேரும் தட்டினார்கள். கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். தட்டல் நின்றது.

"எட்டு," என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "எட்டே எட்டு."

கணக்குப் பிரிவுக்காரர் எதற்கோ எழுந்து நின்றார். இந்த முறை கும்பிடவில்லை.

கதவுக்கு மிக அருகில் இருந்தது மேடைதான். அதில் நடுநாயகமாக, மெத்தை வைத்த பெரிய நாற்காலி ஒன்று. லிஃப்டக்கா அதில் போய் உட்கார்ந்தாள், மெதுவாக அல்ல, தொப்பென்று.

ஒலிபெருக்கிக்காரர் பதறி ஓடி வந்தார். "அக்கா, அக்கா, அது தலைமை விருந்தினருக்குப் போட்டது!"

"அவங்க அஞ்சாவது மாடியில இருக்காங்க," என்றாள் லிஃப்டக்கா, மேசையில் மூடிவைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தபடி. "ஏறி வரட்டும். வந்ததும் எழுந்துக்கிறேன்."